கிடைத்தது என்று சொன்ன பக்கம்

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கவைக்கப் பல முறை முயன்று தோற்றிருக்கிறேன். ஆயுசில் பாதியை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தே கழித்தவர் அவர். எதையும் செய்யாத, எதையும் விற்காத, யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்காத ஒரு வேலைக்கு மாதம் தவறாமல் சம்பளம் வருகிறதே என்பதில் அவருக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் அதிகம். மற்றவர்கள் செய்த இணையப் பக்கங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை என்று கடைசியில் சுருக்கிச் சொன்னேன். "அதப் பார்க்கிறதுக்கு நாள் பூராவுமா?" என்று கேட்டார்.

உண்மையில் பார்ப்பதுகூட நான் இல்லை. பார்ப்பதற்கென்று ஒரு நிரலை எழுதிவைப்பேன். அது தானாகவே பிரவுசரைத் திறக்கும், படிவத்தை நிரப்பும், பொத்தானை அழுத்தும், வந்து சேர்ந்த பக்கம் சரியான பக்கம்தானா என்று பார்க்கும். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. ஒவ்வொரு நாள் காலையிலும் தேநீரோடு உட்கார்ந்து முந்தைய நாள் மாற்றங்களுக்குப் பிறகு எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு என்று பார்ப்பதுதான் என் தொழில்.

வந்து சேர்ந்த பக்கம் சரியானதா என்று ஒரு நிரலுக்கு எப்படித் தெரியும்? அதற்கு மிகச் சுலபமான வழி, பக்கத்தின் தலைப்பைப் பார்ப்பது. பிரவுசரின் மேல் விளிம்பில் சின்ன எழுத்தில், பாதி மறைந்தும் மறையாமலும் ஒரு வரி தெரியுமே, அதுதான். யாரும் அதை வாசிப்பதில்லை. ஆனால் இப்படிப் பார்க்கும் நிரலை, அதாவது டெஸ்டை, எழுதுபவருக்கு அது பெரிய வசதி. தலைப்பு இன்னதாக இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோரும் முதலில் கற்பது அந்த ஒரு வரியைத்தான். பலர் அதற்கு மேல் போவதில்லை. நானும் போகவில்லை.

நான் பதுளை நகரில் ஒரு பாத்திரக்கடையின் மேல்மாடி அறையிலிருந்து வேலை செய்கிறேன். கம்பனி கொழும்பில். எங்கள் வீடு இருக்கும் தோட்டத்தில் இணைய இணைப்பை நம்ப முடியாது; மழை பெய்தால் போய்விடும், சில நாள் வெயிலடித்தாலும் வராது. அதனால் வார நாட்களில் இந்த அறை, சனிக்கிழமையானால் ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி வீடு. கடைக்கார முதலாளி நல்ல மனிதர். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேருக்குக் கடிதம் வருவது அவருடைய கடை விலாசத்துக்குத்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். டவுனுக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் முதலில் அந்த டின்னைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

இது ஏனென்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். லயத்து அறைகளான காம்பராக்களுக்குத் தனி விலாசம் என்று ஒன்று இருந்ததில்லை. தோட்டத்தின் பேரைப் போட்டு எழுதினால் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே மேசையில் கிடக்கும். யாராவது மனசுவைத்து, காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் அது மேசையிலேயே பழுப்பேறும். என் அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் ஓர் அரசாங்க வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. கடிதம் கைக்கு வந்தபோது பரீட்சை முடிந்து நான்கு நாளாகியிருந்தது. அன்றைக்கு அவர் யாரையும் ஏசவில்லை. நான்தான் தோட்ட ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்தினேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அப்போதும் இப்போதும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் படிவத்தில் விலாசம் என்று கண்டாலும் பாத்திரக்கடையின் இலக்கத்தையும் தெருவையும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. என் பல்கலைக்கழக அனுமதி வந்ததும் அங்கேதான். வங்கிக் கணக்கும் அந்த விலாசத்தில்தான். யோசிக்காமலே கை அதை எழுதும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். உயர்தரம் படிக்கும்போதே அவருக்குக் கரும்பலகை மங்கத் தொடங்கியது. விழித்திரையில் வருகிற ஒரு நோய். பதுளை, கண்டி, கொழும்பு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். இருபத்தைந்து வயதுக்குள் பார்வை முழுவதும் போய்விட்டது. அவர் முடங்கிவிடவில்லை. பின்னேரங்களில் லயத்துப் பிள்ளைகளுக்கு வரலாறும் தமிழும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அது ஒரு வேலை என்று அவர் என்றைக்கும் நினைத்ததில்லை. காலையில் எழுந்து, சட்டை மாட்டி, பஸ்ஸில் ஏறி ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே தன் பேர் போட்ட ஒரு மேசை இருக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் போனை அவருக்கு வாங்கிக்கொடுத்தது நான். அதில் ஒரு பெண் குரல். எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்குப் பேரே 'போன்காரம்மா'. முதலில் மெதுவாகப் பேசவைத்துக் கேட்டார். ஆறு மாதத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்துக்கு அவளை ஏற்றிவிட்டார். "ஒங்களுக்குப் பயந்துதான் அவ இப்படி ஓடுறா" என்று கேலி செய்வேன். பற்றரி மிச்சமாகட்டும் என்று திரையை அணைத்தே வைத்திருப்பார். அவர் கையில் போன் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டாகத்தான் இருக்கும்.

அந்தக் குரல் ஒரு பக்கத்துக்குப் போனவுடன் முதலில் வாசிப்பது எதைத் தெரியுமா? தலைப்பை. நாம் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்த ஒரு வரியை. பார்வையில்லாதவருக்கு எந்தப் பக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்று முதலில் சொல்வது அதுதான். இதை நான் அண்ணனிடமிருந்துதான் அறிந்துகொண்டேன். அறிந்த பிறகு கம்பனியில் தலைப்புகளைப் பற்றிப் பெரிய வாயாகப் பேசத் தொடங்கினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒழுங்கான தலைப்பு வேண்டும், மூன்று மொழியிலும் வேண்டும், அதற்கு டெஸ்ட் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை பிடித்தேன். அதனால் எங்கள் குழுவில் தலைப்பு விஷயம் என்றாலே என் பக்கம் தள்ளிவிடுவார்கள். குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். தமிழ்ப் பக்கங்களின் டெஸ்ட் முழுவதும் என் கையில் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கம்பனிக்கு ஒரு வேலை கிடைத்தது. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் ஆட்களைச் சேர்க்கப்போகிறது. விண்ணப்பங்களை இணையத்திலேயே வாங்குவதற்கு ஒரு தளம் வேண்டும். பதவிகளின் பட்டியலைத் தமிழில் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். அதில் தொலைபேசிப் பிரிவு இருந்தது. வருகிற அழைப்பை வாங்கி உரிய பகுதிக்கு இணைத்துவிடுகிற வேலை. பார்வையற்றவர்களுக்குச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு தரம் கேட்ட குரலை மறக்காத மனிதர் எங்கள் வீட்டில் இருக்கிறார். வயதெல்லையைப் பார்த்தேன். விண்ணப்ப முடிவு நாளுக்கும் அண்ணனுக்கு வயதெல்லை தாண்டும் நாளுக்கும் இடையில் இரண்டு மாதம்கூட இல்லை. அவருக்கு அடுத்த தடவை என்பது கிடையாது.

என் குழுத் தலைவரிடம் அண்ணன் விண்ணப்பிக்கப்போவதை முன்னமே சொல்லிவைத்தேன். கொழும்பு ஆள், சிங்களவர், நியாயமான மனிதர். அதில் ஒரு பிழையும் இல்லை, எல்லோரையும் போல அவரும் போடட்டும் என்றார்.

தளம் திறப்பதற்கு முந்தைய வாரம் நான் தமிழ் விண்ணப்பத்துக்கு டெஸ்ட் எழுதினேன். வேலை குவிந்து கிடந்தது. இல்லாத ஓர் ஆளின் பேர், பிறந்த தேதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் கொடுத்தேன். விலாசம் என்ற இடத்தில் என் விரல்கள் பாத்திரக்கடையின் இலக்கத்தையும் தெருவையும் அடித்தன. பொத்தானை அழுத்தச் செய்தேன். அடுத்து வரும் பக்கத்தின் தலைப்பு 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். ஓட்டினேன், பச்சை. அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

தளம் திறந்த முதல் சனிக்கிழமை மத்தியானம் அண்ணனும் நானும் லயத்துக்கு மேலே, ரோட்டு வளைவுக்கு ஏறிப் போனோம். சிக்னல் கிடைப்பது அங்கேதான். ரோட்டோரக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டோம். படிவத்தை நான் நிரப்பக் கூடாது என்று முன்னமே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதும் என்றார். குரல் ஒவ்வொரு கட்டமாக வாசிக்க, அவர் வாயால் சொல்லிச் சொல்லி நிரப்பினார். விலாசம் வந்தது. கடை விலாசத்தைப் போடுங்கள் என்றேன். இதில் கடிதமே வராதே, எல்லாம் போனுக்குத்தானே வரும், பிறகு எதற்குக் கடை என்று கேட்டார்.

"எங்க இருக்கேனோ அதப் போடுறேன் தங்கச்சி. ஒரு தடவையாவது."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. சொல்லப்போனால் பெருமையாகவும் இருந்தது. லயத்தின் இலக்கம், காம்பராவின் இலக்கம், தோட்டத்தின் பேர். தெரு என்று ஒரு கட்டம் இருந்தது. லயத்தில் ஏது தெரு? வெறுமையாக விட்டார். பக்கமும் அதை ஏற்றுக்கொண்டு மேலே போனது.

கடைசிப் பொத்தானை அழுத்தினார். எனக்கும் விளங்கட்டும் என்று குரலின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். "உங்கள் விண்ணப்பம் கிடைத்தது" என்றாள் போன்காரம்மா. அண்ணன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குரல் அடுத்த வரிக்குப் போகும் முன்னமே நான் சொன்னேன்:

"போதும்ணே, மூடிருங்க. தலைப்பு வந்துருச்சு, வேலை முடிஞ்சது."

அவர் மூடினார். கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. இறங்கி வரும் வழியில் இனிமேல் எந்தக் கிளாக்கர் மேசையிலும் நம் கடிதம் தொலையாது என்று நான் அவரிடம் பேசிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா ரொட்டி சுட்டு வைத்திருந்தார். அன்று நாங்கள் மூன்று பேரும் மிகவும் சந்தோஷமாக இருந்தோம். இதை எழுதும்போது எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

போனுக்குத் தகவல் முடிவு நாளுக்குப் பிறகுதான் வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். முடிவு நாள் போய் ஒன்பது நாளைக்குப் பிறகு ஒரு முறைப்பாடு எனக்கு அனுப்பப்பட்டது. தமிழில் இருந்ததால் என்னிடம் வந்தது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். விண்ணப்பித்த பிறகு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, இலக்கம் ஒன்றும் வரவில்லை, போனுக்கும் தகவல் வரவில்லை, தன் விண்ணப்பம் கிடைத்ததா இல்லையா என்று கேட்டிருந்தார். திரையைப் படம் பிடித்து இணைத்திருந்தார். மேலே தலைப்பு, 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது'. கீழே விண்ணப்ப இலக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரு வட்டம். கடிதத்தின் அடியில் அவருடைய விலாசம். லய இலக்கம், தோட்டத்தின் பேர். தெரு இல்லை.

அந்த விலாசத்தை அப்படியே என் டெஸ்டில் போட்டு, கம்பனிக்குள் வைத்திருக்கும் சோதனைத் தளத்தில் ஓட்டினேன். பச்சை. பிறகு நிரலை விட்டுவிட்டு நானே கையால் படிவத்தை நிரப்பிப் பார்த்தேன். பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் தலைப்பு மாறியது. வட்டம் சுற்றியது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. நடந்தது இதுதான்: தெரு இல்லாத விண்ணப்பத்தை உள்ளே இருந்த கணினி வேண்டாம் என்று தள்ளியிருக்கிறது. ஆனால் பக்கமோ அதன் பதிலுக்குக் காத்திராமல், பொத்தானை அழுத்தியவுடனேயே கிடைத்தது என்று தலைப்பைப் போட்டிருக்கிறது. என் நிரல் பார்த்தது தலைப்பை மட்டும். கிடைத்ததா என்று அது பார்க்கவேயில்லை.

அதோடு இன்னொன்று. கொழும்பில் இருக்கிற யாரையும் நான் குறை சொல்ல முடியாது. தெரு இல்லாத விலாசம் என்று ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். லயத்தில் பிறந்தவள் நான். என் டெஸ்டில் இருந்த விலாசமோ பதுளை டவுனில் இருந்தது.

பட்டியலைத் திறந்தேன். அண்ணனின் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தேடினேன். இல்லை. பேரைப் போட்டுத் தேடினேன். இல்லை. எங்கள் தோட்டத்தின் பேரைப் போட்டுத் தேடினேன். எங்கள் தோட்டமே அதில் இல்லை. நாற்காலியில் இருந்தபடியே அழுதேன். கீழே கடையில் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று வியாழக்கிழமை. தலைவருக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடியது. கம்பனியில் தரவுகளைப் பார்த்துக்கொள்ளும் பையன் எனக்கு நல்ல சினேகிதன். அண்ணனின் பேரில் ஒரு வரியைப் பட்டியலுக்குள் சேர்ப்பது அவனுக்கு இரண்டு நிமிட வேலை. அண்ணன் உண்மையாகவே நேரத்துக்கு விண்ணப்பித்தவர். நான் பக்கத்தில் இருந்தேன். இது களவு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் போகும்போது அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குப் பின்னால் குசினிக்கு வெளியே அண்ணன் கறிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பு, வட்டம், தெரு, என் டெஸ்ட், கடை விலாசம், ஒன்றையும் விடவில்லை. அவர் கை நிற்கவில்லை. கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அன்னிக்கி போன்காரம்மா சொன்னது பொய்யா?" என்றார்.

"அவ இருந்ததத்தான் வாசிச்சாண்ணே. போதும்னு சொன்னது நான்தான்."

நான் சினேகிதன் விஷயத்தைச் சொன்னேன். பழைய தேதியிலேயே உள்ளே போட்டுவிடலாம், யாருக்கும் நட்டமில்லை என்றேன். உள்ளுக்குள் அவர் சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் கீரைத் தட்டைக் கீழே வைத்தார். தெரு இல்லாமல் விண்ணப்பித்தவர்கள் வேறு யார் யார் என்று கேட்டார். தெரியாது, உள்ளே பதிவாகாததால் கணக்கே இல்லை என்றேன். பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, நுவரெலியா என்று தோட்டங்கள் உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கேயும் இருப்பார்களா, அங்கேயும் இருப்பார்களா என்று கேட்டார். இருப்பார்கள் என்றேன்.

"அப்ப என்னை மட்டும் நீ உள்ள போட்டுட்டா, அவங்களப் பத்திச் சொல்ல உனக்கு வாய் வருமா?"

வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். திங்கட்கிழமை போய் முதலில் அதைச் சொல் என்றார். எனக்கு அவர்மேல் கடுங்கோபம் வந்தது. உங்களுக்கு இனி வயது இல்லை, நல்லவனாக இருந்து என்ன கிடைக்கப்போகிறது என்று கத்தினேன். அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு சுவரைத் தடவி உள்ளே போனார்.

திங்கட்கிழமை தலைவரிடம் சொன்னேன். யார் எழுதிய டெஸ்ட் என்று கேட்டார். நான்தான் என்றேன். எப்போது தெரியும் என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். ஏன் இன்றைக்குச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். பக்கத்தைச் செய்தவர்களும் நானும் சேர்ந்து அன்றே அதைத் திருத்தினோம். பிறகு கம்பனி அந்த நிறுவனத்துக்கு அறிவித்தது.

நிறுவனம் ஒரு முடிவு எடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு நாள் மறுபடியும் தளம் திறக்கப்படும். ஆனால் உண்மையாகவே முன்பு விண்ணப்பித்தவர்கள்தானா என்று தெரிய ஆதாரம் வேண்டும். அந்த வட்டம் சுற்றும் பக்கத்தை, தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்திருப்பவர்கள் அதை இணைக்கலாம். தமிழ்ப் பத்திரிகைகளில் அறிவித்தல் வந்தது. படங்கள் வரத் தொடங்கின. வட்டத்தைப் பார்த்துப் பயந்து பிடித்த படங்கள். ஒவ்வொன்றையும் தமிழ் தெரிந்தவள் என்று என்னிடமே அனுப்பினார்கள். லயம், லயம், லயம். ஒன்றிலும் தெரு இல்லை. அப்புத்தளைப் பெண்ணின் விண்ணப்பம் முதல் நாளே உள்ளே போனது. எனக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார்.

அண்ணனிடம் படம் இல்லை. அவர் வட்டத்தைப் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு குரல் மட்டும்.

நான் விடவில்லை. பார்வையற்றவர்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு அவர்களிடம் திரையின் படம் கேட்பது என்ன நியாயம் என்று தலைவர் மூலமாக எழுதவைத்தேன். விதி எல்லோருக்கும் ஒன்று என்று பதில் வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. போன பக்கங்களின் தலைப்பைப் பிரவுசர் நேரத்தோடு குறித்துவைத்திருக்கும். அண்ணனின் போனைத் திறந்து பழைய பதிவுகளைத் தேடினேன். இருந்தது. அந்தச் சனிக்கிழமை, மத்தியானம், 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது'. அதை எடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பக்கத்தின் தலைப்பை மட்டும் வைத்து விண்ணப்பம் அனுப்பப்பட்டதாகக் கொள்ள முடியாது, தலைப்பு ஓர் ஆதாரமாகாது என்று எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் எனக்குக் கோபப்படக்கூட இடமில்லை. அதைத்தான் நான் டெஸ்ட் எழுதிய அன்றைக்கே அறிந்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். சரி என்றார். அவருடைய பிறந்த நாள் அதற்குப் பிறகு வந்தது. அம்மா பாயாசம் வைத்தார். மூன்று பேரும் குடித்தோம். வயதைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் பாத்திரம் கழுவும்போது, நீ பக்கத்தில்தானே இருந்தாய் என்று என்னிடம் ஒரு தரம் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் இன்று வரை கேட்கவில்லை.

அந்தக் கம்பனியில் இன்னமும் நான் இருக்கிறேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதைத் திருப்பிக் கொடுத்து, இனி எப்படிப் பார்க்க வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும் என்றார். எனக்குத் தெரியும். இப்போது என் நிரல் தலைப்பைப் பார்த்துவிட்டு நிற்காது. விண்ணப்ப இலக்கம் வந்ததா என்று பார்க்கும். பிறகு பட்டியலுக்குள் போய் அந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்று தேடிப் பார்க்கும். விலாசத்தில் ஒரு தடவை தெரு இருக்கும், ஒரு தடவை இருக்காது. வேலை மூன்று மடங்கு, ஆனால் யாரும் முறையிடவில்லை.

இந்த வருடம் அதே நிறுவனம் மறுபடியும் ஆள் சேர்க்கிறது. அதே தளம், அதே பதவிகள். வயதெல்லைக்கும் டெஸ்ட் வேண்டும் என்றார்கள். வயதுக்குட்பட்ட ஒருவர் விண்ணப்பித்தால் ஏற்க வேண்டும். வயது கடந்த ஒருவர் விண்ணப்பித்தால் மறுக்க வேண்டும்; பக்கமும் அதைத் தலைப்பிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். முதலாவதை எழுதினேன். இரண்டாவதுக்கு வயதெல்லையைத் தாண்டிய ஒருவரின் பிறந்த தேதி வேண்டும். எந்தத் தேதியும் போடலாம். ஆயிரம் தேதி இருக்கிறது. என் விரல்கள் அண்ணன் பிறந்த தேதியை அடித்தன.

அடித்த பிறகுதான் கவனித்தேன். அழிக்காமல் அப்படியே ஓட்டினேன். பிரவுசர் திறந்தது. படிவம் நிரம்பியது. பொத்தான் அழுந்தியது. இந்த முறை பக்கம் உள்ளேயிருந்து பதில் வரும்வரை காத்திருந்தது. பிறகு தலைப்பு மாறியது: 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை: வயதெல்லை'. என் நிரல் பட்டியலுக்குள் போய்த் தேடியது. அந்த ஆள் அங்கே இல்லை. இருக்கக் கூடாது. ஆகவே பச்சை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது இதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கொடிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன். ஒவ்வொரு நாள் காலையிலும் உங்கள் தேதியில் ஒரு விண்ணப்பம் போகிறது, ஒவ்வொரு நாளும் அது மறுக்கப்படுகிறது, எனக்கு அதுதான் சரியான விடை என்று சொன்னேன். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்தத் தேதியை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

அவர் கையிலிருந்த சட்டையை உதறினார். தோள்பட்டையை விரலால் தேடிப் பிடித்து, கொடியில் நேராகப் போட்டார்.

"மாத்தாத. இப்பத்தான் அது எனக்கு உண்மையச் சொல்லுது."